தொற்று வேறு, நோய் வேறு: மலேரியாவும் கோவிட்டும் ஒரே குழந்தையிடம் வரும்போது

சுகாதாரம் பற்றிய கட்டுரைகளைத் திருத்துகிற ஆசிரியர்களுக்கு இது தெரிந்த கதைதான். 'கிருமி', 'தொற்று', 'நோய்' என்ற மூன்று சொற்களையும் மாணவர்கள் இடம் மாற்றி மாற்றி எழுதுவார்கள். "அவருக்கு மலேரியா தொற்று வந்தது" என்றாலும் "மலேரியா நோய் வந்தது" என்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான். பொருள் புரிகிறதே என்று நாமும் சிவப்பு மையைத் தொடாமல் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அன்றாடப் பேச்சில் அதனால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால், காய்ச்சலோடு தூக்கி வரப்பட்ட மூன்று வயதுக் குழந்தையைப் பரிசோதிக்கும் ஒரு தாதிக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போனால், அந்தக் குழந்தையே போய்விடக்கூடும். 2020-க்குப் பிறகு ஆப்பிரிக்காவின் பல சிற்றூர் மருந்தகங்களில் உண்மையாகவே எழுந்த சிக்கல் இது. கருத்து விளக்கக் கட்டுரை எழுதப் பழகும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கும் அவர்களுக்கு வாசிப்புப் பகுதி தேடும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிபார்த்துக்கொள்வோம். கிருமி என்பது பொதுப்பெயர். கண்ணுக்குத் தெரியாமல் உடம்புக்குள் வந்து தொல்லை தரும் எதையும் அப்படிச் சொல்லிவிடலாம். மலேரியாவை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி. அனோபிலிஸ் இனப் பெண் கொசு கடிக்கும்போது அது உடம்புக்குள் நுழைகிறது. முதலில் கல்லீரலில் பெருகுகிறது. பிறகு இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, அங்கேயும் பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கோவிட்-19-ஐ உண்டாக்குவது நச்சுயிரி. நம் நாட்டுச் செய்திகளில் 'நச்சில்' என்றும் படித்திருப்பீர்கள். அது மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிறது. ஆகவே 'மலேரியா வைரஸ்' என்று ஒரு மாணவர் எழுதினால் அது சொற்பிழை மட்டுமல்ல, பொருட்பிழையும்கூட. அங்கே தாராளமாகச் சிவப்பு மையைப் பயன்படுத்தலாம்.

சரி, தொற்றுக்கும் நோய்க்கும் வருவோம். ஒரு கிருமி உடம்புக்குள் வந்து தங்கிப் பெருகினால் அது தொற்று. அந்தத் தொற்றால் உடம்பு கெட்டு, காய்ச்சலோ வலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் அது நோய். தொற்று இருந்தும் நோய் இல்லாமல் இருக்கலாம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நாள்களில் நம் சுகாதார அமைச்சு நோயாளிகளை ஐந்து பிரிவுகளாகப் பிரித்து அறிவித்ததே, நினைவிருக்கிறதா? அதில் முதல் பிரிவினர் தொற்று இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள். மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. அவர்களே வாழ்ந்து பார்த்த காலம் அது.

மலேரியா நிறைந்த ஊர்களில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. உகாண்டாவின் பல மாவட்டங்களில் ஒரு குழந்தை பிறந்ததிலிருந்தே கொசுக்கடிக்கு ஆளாகிறது. முதல் சில ஆண்டுகள்தாம் மிக ஆபத்தானவை. திரும்பத் திரும்பத் தொற்று வந்து, பிழைத்து வளரும் குழந்தைக்கு மெல்ல மெல்ல ஓரளவு எதிர்ப்பாற்றல் வருகிறது. அந்த எதிர்ப்பாற்றல் ஒட்டுண்ணியை முழுதாகத் துரத்தாது. அதை அடக்கி மட்டும் வைக்கும். அதனால், ஓடியாடி விளையாடிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் இரத்தத்திலும் மலேரியா ஒட்டுண்ணி இருக்கும். அவர்களுக்கு நோய் இல்லை, தொற்று உண்டு.

இப்போது அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் சோதித்தால் மலேரியா 'பாசிட்டிவ்'. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் மலேரியாதானா? இருக்கலாம். அல்லது, ஒட்டுண்ணி பல வாரங்களாகச் சும்மா இருக்க, காய்ச்சலைக் கொண்டுவந்தது வேறொன்றாகவும் இருக்கலாம். சோதனை அட்டை முதல் கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: தொற்று இருக்கிறதா? நோய்க்குக் காரணம் எது என்ற கேள்விக்கு அது விடை சொல்வதே இல்லை.

கோவிட் வருவதற்கு முன்பே மருத்துவ உலகத்துக்கு இந்தப் பாடம் ஒருமுறை கிடைத்திருக்கிறது. மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. மூளையைத் தாக்கும் மலேரியா என்று முடிவு செய்யப்பட்டு, நினைவிழந்த நிலையில் சிகிச்சை பெற்று இறந்துபோன 31 குழந்தைகளின் உடல்களை, பெற்றோரின் ஒப்புதலோடு பரிசோதித்தார்கள். எல்லாருடைய இரத்தத்திலும் ஒட்டுண்ணி இருந்தது. எல்லாரும் மருத்துவ இலக்கணத்துக்குப் பொருந்தினார்கள். ஆனால் 7 குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் மலேரியா அல்ல, வேறு நோய்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர்! தேர்ந்த மருத்துவர்களும் ஆய்வுக்கூடமும் இருந்த இடத்திலேயே இந்த நிலை. அந்தக் குழந்தைகளைப் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளம் கண்ணின் விழித்திரையில் தெரியும் மாற்றங்கள்தாம். உண்மையான மூளை மலேரியாவில் அவை தெரிந்தன, மற்றவர்களிடம் இல்லை. இந்த ஆய்வை நான் வகுப்பில் சொல்லத் தகுந்ததாகவே கருதுகிறேன். கொஞ்சம் கனமான செய்திதான். ஆனால் 'ஆதாரம்' என்ற சொல்லுக்கும் 'காரணம்' என்ற சொல்லுக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

அறிகுறிகள் ஏன் கைகொடுப்பதில்லை?

தமிழில் மலேரியாவுக்குக் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்றெல்லாம் பெயர்கள் உண்டு. நடுக்கத்தோடு குளிர் வரும், பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்து வரும். பெயர்களே நோய்க்குறிப்பு மாதிரி இருக்கின்றன. பெரியவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் ஆப்பிரிக்காவில் அதிகம் உயிர்பறிக்கும் ஃபால்சிபாரம் வகை, சிறு குழந்தைகளிடம் இந்த முறையையெல்லாம் பின்பற்றுவதில்லை. காய்ச்சல் எப்போது வேண்டுமானாலும் ஏறும், இறங்கும். கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, தலைவலி. சில குழந்தைகளுக்கு இருமலும் வரும்.

கோவிட் கண்ட குழந்தைக்கு என்ன வரும்? காய்ச்சல், இருமல், சோர்வு, தலைவலி, சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தால் எது எதனுடையது என்று சொல்ல முடியாது. பெரியவர்களிடம் ஒரு துப்பு இருந்தது: வாசனை தெரியவில்லை, சுவை தெரியவில்லை என்றார்கள். இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? சாப்பிட மறுக்கும், அழும், அவ்வளவுதான். எந்தக் காய்ச்சலிலும் குழந்தை அதைத்தானே செய்கிறது.

மூச்சு விஷயத்தில் குழப்பம் இன்னும் ஆழமானது. வேகமாக மூச்சுவிடும் குழந்தைக்கு நுரையீரல் அழற்சி இருக்கலாம் என்று சந்தேகிக்க உலகச் சுகாதார நிறுவனம் எளிய கணக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். கையில் கடிகாரம் இருந்தால் போதும், எண்ணிவிடலாம். கோவிட் நுரையீரலைத் தாக்கினாலும் இப்படித்தான் மூச்சு வாங்கும். ஆனால் கடுமையான மலேரியாவிலும் குழந்தை வேகமாக மூச்சுவிடும். அங்கே நுரையீரல் நன்றாகவே இருக்கும். சிவப்பணுக்கள் உடைந்து கடும் இரத்தசோகை ஏற்பட்டதாலோ, இரத்தத்தில் அமிலம் கூடியதாலோ உடம்பு மூச்சை வேகப்படுத்துகிறது. அமிலம் கூடும்போது மூச்சு வேகமாக மட்டுமல்ல, ஆழமாகவும் இருக்கும். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் சத்தம் தெளிவாக இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் குறையாமல் காட்டும். நுரையீரல் அழற்சியானால் அந்த எண் இறங்கும். கோவிட் காலத்தில் நம் வீடுகளிலும் இடம்பிடித்த அந்தச் சின்னக் கருவி, ஆப்பிரிக்கச் சிற்றூர் மருந்தகத்தில் இருந்தால் இப்படி ஒரு பெரிய கேள்வியைப் பாதியாவது தீர்த்துவைக்கும். உள்ளங்கையும் உதவும். அது வெளுத்துப்போயிருந்தால் இரத்தசோகை. அப்படியானால் மலேரியாவின் மீது சந்தேகம் கூடும். ஆனாலும் இவை சந்தேகத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் பயன்படும், முடிவு சொல்லப் போதாது.

சோதனைகளும் அவற்றின் எல்லையும்

மூக்கில் குச்சி விட்டு நாம் செய்துகொண்ட ஆர்.டி.கே. சோதனை போலவே மலேரியாவுக்கும் ஒரு சிறு அட்டை உண்டு. விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் விட்டால், 15 முதல் 20 நிமிடத்தில் கோடு தெரியும். சந்தேகப்படும் ஒவ்வொருவரையும் சோதித்த பிறகே மலேரியா மருந்து தரவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன் பல இடங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே மலேரியா என்று வைத்து மருந்து கொடுத்துவிடுவார்கள். இந்த அட்டை வந்தது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது என்ன பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்காவில் பரவலாகப் பயன்படும் அட்டைகள் ஒட்டுண்ணியை நேரடியாகப் பார்ப்பதில்லை. அது வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைப் பிடிக்கின்றன. மருந்து வேலை செய்து ஒட்டுண்ணிகள் எல்லாம் செத்த பிறகும் அந்தப் புரதம் பல வாரங்கள் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஆக, போன மாதம் மலேரியா வந்து குணமான குழந்தைக்கு இந்த மாதம் கோவிட் காய்ச்சல் வந்தால், அட்டை அப்போதும் 'மலேரியா உண்டு' என்று சொல்லக்கூடும். இன்னொரு பக்கம், எரித்திரியா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் அந்தப் புரதத்தையே உற்பத்தி செய்யாத ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன. அங்கே நோய் முற்றிய குழந்தைக்கும் அட்டை 'இல்லை' என்று காட்டலாம்.

நுண்ணோக்கி பழைய முறை. ஆனால் அதன் பயன் இன்னும் தீரவில்லை. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடித்த படலமாகவும் மெல்லிய படலமாகவும் பூசி, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். தடித்த படலத்தில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தெரியும். மெல்லியதில் எந்த வகை என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ண முடியும். சில ஒட்டுண்ணிகள் மட்டும் தெரிந்தால், சும்மா தங்கியிருக்கும் தொற்றாக இருக்கலாம். படலம் முழுக்க அப்பிக்கிடந்தால், காய்ச்சலுக்குக் காரணம் மலேரியாதான் என்பதற்கு வலு கூடும். அட்டையின் கோடு 'உண்டு, இல்லை' என்பதோடு நின்றுவிடும். நுண்ணோக்கி 'எவ்வளவு' என்றும் சொல்லும். ஆனால் அதற்கு மின்சாரமும், சாயமும், பயிற்சி பெற்ற கண்ணும் வேண்டுமே.

கோவிட் பக்கம், பி.சி.ஆர். சோதனை நம்பகமானது, ஆனால் ஆய்வுக்கூடம் வேண்டும், முடிவு வர நேரமும் ஆகும். ஆர்.டி.கே. வேகமானது, தொற்றின் தொடக்க நாள்களைத் தாண்டிவிட்டால் தவறவிடலாம். மூன்றாவதாக, இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இதில்தான் எதிர்பாராத சிக்கல் வந்தது. பெனின் நாட்டில், கோவிட் பரவுவதற்கு முன் காய்ச்சல்காரர்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, மலேரியா இருந்தவர்களில் சிலருக்குக் 'கோவிட் எதிர்ப்பொருள் உண்டு' என்று முடிவு வந்தது. அந்த நச்சுயிரி அங்கே வந்திராத காலத்து இரத்தம் அது! மலேரியா நம் எதிர்ப்பாற்றலைப் பலவகை எதிர்ப்பொருள்களைக் கண்டபடி உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. அவற்றில் சில கோவிட் சோதனையில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

இது குழந்தைகளுக்கு ஏன் முக்கியம் என்று கேட்டால், கோவிட் வந்து போன இரண்டு முதல் ஆறு வாரங்களில் சில குழந்தைகளுக்கு வரும் பல்லுறுப்பு அழற்சி நோயைச் சொல்லவேண்டும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி, சிலருக்கு இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலை. அந்நேரம் மூக்கில் நச்சுயிரி பெரும்பாலும் இருக்காது, ஆகவே ஆர்.டி.கே. 'இல்லை' என்றுதான் சொல்லும். முன்பு தொற்று வந்ததற்குச் சான்றாக எதிர்ப்பொருள் சோதனையைத்தான் நம்பவேண்டும். மலேரியா ஊரில் அந்தச் சோதனையையும் முழுதாக நம்ப முடியவில்லை. இரத்தத் தட்டணுக்கள் குறைவது, அழற்சிக் குறியீடுகள் ஏறுவது போன்ற ஆய்வுக்கூட முடிவுகளும் இரண்டு நோய்களிலும் ஒரே மாதிரி வருகின்றன.

தவறினால் என்ன ஆகும்?

இரண்டில் எது என்று தெரியாவிட்டால் இரண்டுக்கும் மருந்து கொடுத்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்குக் கடுமையான கோவிட் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு 2020 ஜூன் மாதம் அறிவித்தது. உலகமே மகிழ்ந்த செய்தி அது. ஆனால் அதே மருந்தை மூளை மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1982-இல் தாய்லாந்திலிருந்து வெளியாகியிருந்தது. பிழைத்தவர்களுக்கு நினைவு திரும்ப அதிக நேரம் பிடித்தது, மற்றச் சிக்கல்களும் கூடின. அன்றிலிருந்து மூளை மலேரியாவுக்கு அந்த மருந்து வேண்டாம் என்பதே வழிகாட்டுதல்.

அதிர்ச்சி நிலையிலும் இதே கதைதான். வசதியான நாடுகளில் அதிர்ச்சி நிலைக் குழந்தைக்கு இரத்தக்குழாய் வழியாக வேகமாக நீர்மம் ஏற்றுவது வழக்கம். உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. கடுமையான காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றி வந்த அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. வேகமாக நீர்மம் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் ஏறத்தாழ 10.5 விழுக்காடு, ஏற்றாதவர்களில் 7.3 விழுக்காடு. ஓரிடத்தில் உயிர்காக்கும் வழக்கம் இன்னோர் இடத்தில் உயிரை எடுக்கிறது. அதனால்தான் 'எதற்கும் எல்லாம் கொடுப்போம்' என்பது மருத்துவத்தில் செல்லாது.

அப்படியானால் அங்குள்ள தாதி என்னதான் செய்வது? நடைமுறை ஒன்று இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தெரியாததைத் தெரியாதது என்று ஒப்புக்கொண்டே செயல்படுகிறது. மலேரியாப் பகுதியில் காய்ச்சலோடு வரும் எந்தக் குழந்தைக்கும், கோவிட் உறுதியான குழந்தைக்கும்கூட, மலேரியா சோதனை செய். பாசிட்டிவ் என்றால், காரணம் அதுவா இல்லையா என்று வாதாடிக்கொண்டு நிற்காமல் மலேரியா மருந்தைத் தொடங்கு. ஏனென்றால் ஃபால்சிபாரம் மலேரியா ஒரே நாளில் குழந்தையைக் கொன்றுவிடும். மருந்து கொடுத்துவிட்டோம் என்று தேடுவதை நிறுத்தாதே. மூச்சை எண்ணு, ஆக்சிஜனைப் பார், உள்ளங்கையைப் பார், வேறு தொற்று இருக்கிறதா என்று பார். பால் குடிக்க முடியவில்லை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறது, வலிப்பு, நினைவு மங்கல் என்ற நான்கில் ஒன்று இருந்தாலும் எந்த நோய் என்று தெரிவதற்கு முன்பே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு.

இரண்டும் சேர்ந்து வருவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? உகாண்டாவில் 2020-இல் ஏறத்தாழ 600 கோவிட் நோயாளிகளைச் சோதித்ததில் 12 விழுக்காட்டினரின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. வயது குறைந்தோரிடம் அது அதிகம். நல்ல செய்தி, இரண்டும் சேர்ந்திருந்ததால் நோய் தெளிவாக மோசமானதாக அங்கே தெரியவில்லை. ஆனால் 'குழந்தைகளுக்குக் கோவிட் ஒன்றும் செய்யாது' என்று அப்போது பரவலாகச் சொன்னதை அப்படியே ஏற்கவும் முடியாது. ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் அந்த ஆண்டு கோவிட்டோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 469 குழந்தைகளைப் பற்றிய ஆய்வில் 39 பேர் இறந்திருந்தனர். மருத்துவமனை வரை வந்தவர்களின் கணக்கு இது, எல்லாக் குழந்தைகளின் கணக்கும் அல்ல; மேற்கோள் காட்டும் மாணவர்கள் இதைக் குறிப்பிடாமல் விட்டுவிடக் கூடாது.

இரண்டு அறிவுரைகள் மோதிக்கொண்டபோது

சோதனைக்கூடத்துக்கு வெளியே, சொற்களால் வந்த கேடு ஒன்றும் உண்டு. தமிழாசிரியர்களான நாம் இங்கேதான் நிற்கவேண்டும். பல ஆண்டுகளாக ஆப்பிரிக்கத் தாய்மார்களுக்குச் சொல்லப்பட்டது: குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் 24 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்கு வாருங்கள். 2020-இல் உலகம் முழுவதும் ஒலித்தது: லேசான காய்ச்சல் என்றால் வீட்டிலேயே இருங்கள். இரண்டும் தனித்தனியே சரியான அறிவுரைதான். ஒரே தாயின் காதில் இரண்டும் விழுந்தால்? பேருந்து ஓடவில்லை, மருந்தகத்துக்குப் போனால் கோவிட் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. மலேரியா சோதனை அட்டை செய்த சில நிறுவனங்கள் கோவிட் அட்டை செய்யத் திரும்பியதால் தட்டுப்பாடு வரும் என்ற கவலையும் எழுந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு மலேரியா அறிக்கைப்படி, 2020-இல் உலகில் 6 இலட்சத்து 27 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தனர். முந்திய ஆண்டைவிட இது 69,000 கூடுதல். அந்தக் கூடுதலில் சுமார் 47,000 இறப்புகளுக்குக் காரணம், கோவிட் காலத்தில் தடுப்பு, சோதனை, சிகிச்சை ஆகியவை தடைப்பட்டதே. மலேரியா இறப்பில் 96 விழுக்காடு ஆப்பிரிக்க வட்டாரத்தில். அங்கே இறந்தோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதாவது, கோவிட் கிருமியே தொடாத பல்லாயிரம் குழந்தைகள் கோவிட் காலத்தின் குழப்பத்தால் இறந்தார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் மலேரியாவுக்குப் பலியானோர் ஏராளம். கொயினா மாத்திரையின் கசப்பை இன்றும் சொல்லும் பாட்டிமார் இருக்கிறார்கள். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தியது வரலாறு. மனிதரிடையே பரவும் மலேரியா வகைகள் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றாத நிலையை மலேசியா 2018-இல் எட்டியது. ஆனால் சபாவிலும் சரவாக்கிலும் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை இன்னும் இருக்கிறது. நுண்ணோக்கியில் அது சாதுவான வேறொரு வகை போலவே தெரியும். 2004-இல் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் காப்பிட் பகுதி நோயாளிகளை மரபணுச் சோதனை செய்தபோதுதான் எத்தனை பேருக்கு நோலெசி என்று வெளிச்சத்துக்கு வந்தது. டிங்கியையும் மறக்கவேண்டாம். 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருவருக்கு விரைவுச் சோதனையில் டிங்கி என்று முடிவு வந்து, பின்னர் அது தவறு, அவர்களுக்கு இருந்தது கோவிட் என்று தெரியவந்தது. அதுவரை அவர்கள் தனிமைப்படுத்தப்படவில்லை.

வகுப்பில் பயன்படுத்த ஒரு பயிற்சி. கீழ்வரும் நான்கு வாக்கியங்களை வெண்பலகையில் எழுதுங்கள்: "குழந்தையின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது." "குழந்தைக்கு மலேரியா வந்திருந்தது." "குழந்தையின் காய்ச்சலுக்குக் காரணம் மலேரியா." "குழந்தை மலேரியாவால் இறந்தது." ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுவதற்கு முன் நமக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று குழுவாகக் கலந்துபேசச் சொல்லுங்கள். விரைவுச் சோதனை அட்டையில் கோடு மட்டும் தெரிந்தால் முதல் வாக்கியத்தைக்கூட உறுதியாக எழுத முடியுமா என்று கேளுங்கள், எச்.ஆர்.பி.2 பற்றிய பத்தியைக் கவனமாகப் படித்தவர்கள் தயங்குவார்கள். பிறகு, காய்ச்சல் கண்ட குழந்தையின் தாய்க்கு, மலேரியாவும் கோவிட்டும் பரவியுள்ள ஒரு சிற்றூரின் மருந்தகம் ஒட்டவேண்டிய அறிவிப்பை 50 சொற்களுக்குள் எழுதச் சொல்லுங்கள். 'வீட்டில் இருங்கள்' என்பதும் 'உடனே வாருங்கள்' என்பதும் மோதாமல் எழுதவேண்டும் என்பதே நிபந்தனை. நேரம் 20 நிமிடம் கொடுக்கலாம், எளிதாக இருக்காது.